மூணாவது தடவையும் செக் லைட்: ரெண்டு ஓ2 சென்சார் மாத்தியும் தீராத 2009 பெட்ரோல் வண்டி

சூலூர் பயணி | ஞாயிறு, காலை 7.40

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஆறு மாசமா இதே வெசனந்தான், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன்.

வண்டி 2009 மாடல், 1.1 லிட்டர், நாலு சிலிண்டர் பெட்ரோல், பிஎஸ்-3. 1,38,000 கி.மீ. ஓடியிருக்கு. மூணு வருசத்துக்கு முந்தி செகண்ட்ஸ்ல வாங்கினது. இதுல ஓ2 சென்சார் (புகையில ஆக்சிஜன் எவ்வளவுன்னு பார்க்கறது) ஒண்ணே ஒண்ணுதான், புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னாடி, புகை வெளிய போற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுலயே உக்காந்திருக்கு.

சித்திரையில செக் லைட் எரிஞ்சது. பட்டறையில ஸ்கேனர் போட்டாங்க. பி0134, பி0171-ன்னு கோளாறைச் சொல்ற ரெண்டு கோடு (code) வந்துச்சு. "சென்சார் போயிருச்சு"ன்னு சொல்லி 1,600 ரூபாய்க்கு ஒண்ணு மாத்தினாங்க. பன்னண்டு நாள் தாங்குச்சு. மறுபடி அதே கோடு. "அது டூப்ளிகேட், ஒரிஜினல் போட்டாத்தான் நிக்கும்"னு 4,300 ரூபாய்க்கு ஒண்ணு போட்டாங்க. சூலூர்ல இருந்து பல்லடம் தாண்டல, லைட் வந்துருச்சு. இப்ப "இசிஎம் (இன்ஜினை நடத்தற கம்ப்யூட்டர்) மாத்தணும், 18,000 ஆகும்"கறாங்க.

மைலேஜ் 16 குடுத்துட்டு இருந்தது 11-க்கு வந்துருச்சு. ஐட்லிங்ல ஆர்பிஎம் 750-க்கும் 1,000-க்கும் ஊஞ்சல் ஆடுது. அம்மாவை மாசத்துக்கு ரெண்டு தடவை கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது இந்த வண்டியிலதான். வழியில நின்னுருமோன்னு பயமா இருக்குதுங்க. இசிஎம் மாத்திறட்டுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்கோ.

தென்னந்தோப்பு | ஞாயிறு, காலை 8.15

பொள்ளாச்சிப் பக்கம் எங்க வண்டிக்கும் இப்படித்தான் வந்துச்சு. பேட்டரி நெகட்டிவ் டெர்மினலைக் கழட்டி அரை மணி நேரம் விட்டு மாட்டினேன், லைட் போயிருச்சு. ஒருக்கா செஞ்சு பாருங்க.

பட்டறைக்காரர் | ஞாயிறு, காலை 9.30

சூலூர் தம்பி, தயவு செஞ்சு டெர்மினலைக் கழட்டாதீங்க. லைட் அணையும், வாஸ்தவம். கூடவே இசிஎம் இத்தனை நாள் கத்துக்கிட்டு எழுதி வச்சிருக்கற ஃபியூயல் டிரிம் கணக்கும் (பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் கொறைக்குதுங்கறது), கோடு விழுந்த நேரத்துல இன்ஜின் எப்படி இருந்துச்சுன்னு புடிச்சு வச்சிருக்கற ஃப்ரீஸ் ஃப்ரேமும் அழிஞ்சு போயிரும். நமக்கு வேண்டிய சாட்சியே அதுதான்.

இசிஎம்மும் மாத்தாதீங்க. பெருந்துறையில 31 வருசமா பட்டறை வச்சிருக்கேன். இந்தக் காலத்துல இசிஎம்மே கெட்டுப்போன வண்டி விரல் விட்டு எண்ணற அளவுதான் பார்த்திருக்கேன். இசிஎம் மேல பழி போட்டு வந்த வண்டிகளுக்குக் கணக்கே இல்லை.

முதல்ல அந்த ரெண்டு கோடும் என்ன சொல்லுதுன்னு பாருங்க. பி0134-ன்னா "சென்சார்ல அசைவே தெரியல"ன்னு அர்த்தம். பி0171-ன்னா "கலவை லீனா, அதாவது காத்து எச்சா பெட்ரோல் கம்மியா இருக்கு, நான் பெட்ரோலைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தும் சரியாகல"ன்னு இசிஎம் முறையிடுது. ரெண்டுலயுமே "சென்சாரைத் தூக்கிப் போடு"ன்னு எழுதலை. அந்த சென்சாருக்குப் பெட்ரோலைப் பார்க்கத் தெரியாது. புகையில மிச்சமிருக்கற ஆக்சிஜனை மட்டும்தான் அதுக்குப் பார்க்கத் தெரியும். எங்கிருந்தாவது வேண்டாத காத்து உள்ள வந்தாலும் லீன்னுதான் சொல்லும். ஒரு ஸ்பார்க் பிளக் சரியா அடிக்காம விட்டா, எரியாத ஆக்சிஜன் அப்படியே வெளிய வரும், அப்பவும் லீன்னுதான் சொல்லும். பார்த்ததைச் சொன்ன குத்தத்துக்கு ரெண்டு சென்சாரைக் கழட்டி எறிஞ்சிருக்கோம்.

பழைய சென்சாரை வச்சிருக்கீங்களா? எறிஞ்சிராதீங்க.

ஸ்டீயரிங்குக்குக் கீழ 16 பின் சாக்கெட் இருக்கும். ஒரு புளூடூத் அடாப்டர் வாங்கி மாட்டி மூணு விவரம் எழுதுங்க. இன்ஜின் நல்லா சூடான பொறவு ஐட்லிங்ல லாங் டெர்ம் டிரிம் (நாள்பட நிலைச்ச கணக்கு) எவ்வளவு? 2,500 ஆர்பிஎம்ல ஒரு நிமிசம் புடிச்சு வச்சா எவ்வளவு? சென்சார் வோல்டேஜ் எப்படி ஆடுது?

கோபி அம்மிணி | ஞாயிறு, காலை 10.05

நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் வேலையில இருக்கறவ, வண்டி மெக்கானிக் இல்லை. வயரிங் பக்கம் மட்டும் சொல்றேன். பட்டறை அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கோங்க.

இந்த வயசு வண்டியில சாக்கெட் பெரும்பாலும் கே-லைன்ங்கற பழைய முறையிலதான் பேசும், ரொம்ப மெதுவு. திரையில எட்டு விவரத்தை ஒண்ணாத் தொறந்து வச்சா, சென்சார் வோல்டேஜ் செகண்டுக்கு ஒருக்காகூட வராது. வரைபடத்துல கோடு படுத்த மாதிரி தெரியும். அதைப் பார்த்துட்டே "சென்சார் மந்தம்"னு முடிவு கட்டறவங்க இருக்காங்க. சென்சார் வோல்டேஜை மட்டும் தனியாத் தொறந்து பாருங்க.

இன்னொண்ணு மனசை உறுத்துது. மைலேஜ் 16-ல இருந்து 11-க்கு வந்துருச்சுன்னு எழுதியிருக்கீங்க. காத்து எச்சா உள்ள வந்து, இசிஎம் அதுக்குத் தகுந்த பெட்ரோலைக் கூட்டிக் குடுத்தா கலவை சரியாத்தானே இருக்கணும்? அதுக்கு இவ்வளவு மைலேஜ் குறையக் கூடாது. இந்தக் கணக்கு எனக்கு ஒத்து வரலை.

பட்டறைக்காரர் | ஞாயிறு, காலை 10.20

நல்ல கேள்வி அம்மிணி. அதை அப்படியே ஓரமா வச்சுக்குவோம். பதில் கிடைக்கற வரைக்கும் விட்டுறாதீங்க.

மஞ்சள் மண்டி | ஞாயிறு, மதியம் 1.10

ஈரோட்டுல இருந்து எழுதறேன். எல்லாத்துக்கும் காரணம் இந்த எத்தனால் கலந்த பெட்ரோல்தானுங்க. இ20 வந்ததுக்குப் பொறவுதான் பழைய வண்டிக்கெல்லாம் சீக்கு. சென்சார் என்ன பண்ணும்?

பட்டறைக்காரர் | ஞாயிறு, மாலை 6.45

பாதி சரிங்க. கணக்குப் போட்டுப் பார்ப்போம். கலப்பில்லாத பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காத்து வேணும். எத்தனாலுக்குள்ளயே ஆக்சிஜன் இருக்கறதால அதுக்கு 9 கிலோ போதும். 20 சதவீதம் கலந்தா 13.5 பக்கம் வரும். அப்படின்னா அதே காத்துக்கு ஏறக்குறைய 9 சதவீதம் எச்சாப் பெட்ரோல் விடணும். 2009-ல் எழுதின இசிஎம்முக்கு இ20-ன்னு ஒண்ணு வரப்போறது தெரியாது. சென்சாரைப் பார்த்துப் பார்த்துத்தான் கூட்டிக்கும். அதனால பழைய வண்டியில டிரிம் பிளஸ் 5, பிளஸ் 8-ன்னு நின்னா நான் பயப்பட மாட்டேன்.

ஆனா இசிஎம் கூட்டறதுக்கு ஒரு எல்லை இருக்கு. பல வண்டியில 20, 25 பக்கம் போனாத்தான் பி0171 விழும். எத்தனால் அதுல கொஞ்சத்தைத் தின்னுருது. முன்னெல்லாம் 14-லயே அடங்கியிருந்த சின்ன லீக் இன்னைக்கு லைட்டைப் போட்டுருது. எத்தனால் தனியா இந்த வேலையைப் பண்ணாது. கூட ஒரு கூட்டாளி இருப்பான், அவனைத் தேடணும்.

சூலூர் பயணி | புதன், இரவு 8.50

அடாப்டர் வாங்கிட்டேனுங்க. இன்ஜின் சூடாகி விசிறி ஒருக்கா ஓடி நின்ன பொறவு எடுத்தது இது.

ஐட்லிங்: லாங் டெர்ம் பிளஸ் 22. 2,500 ஆர்பிஎம்ல: பிளஸ் 8.

சென்சார் வோல்டேஜை அக்கா சொன்ன மாதிரி தனியாப் பார்த்தேன். 0.1-க்கும் 0.8-க்கும் நல்லா ஏறி எறங்குது. தம்பியை ஓட்டச் சொல்லி நான் போனைப் பார்த்துட்டே போனேன். காங்கயம் பாளையம் தாண்டி வேகத்தடை ஏறின நேரத்துல வோல்டேஜ் அப்படியே 0.45-ல படுத்துருச்சு. ஒரு இருபது செகண்டு இருக்கும். அடுத்த குழியில டங்குன்னு விழுந்ததும் மறுபடி ஆட ஆரம்பிச்சுருச்சு. போற வழியில நாலு தடவை இப்படி.

கோபி அம்மிணி | புதன், இரவு 9.20

தம்பி, அந்த 0.45 நெம்ப முக்கியமான எண். பல வண்டியில இசிஎம் தானே சிக்னல் வயர்ல 0.45 வோல்ட் மெல்லிசா வச்சிருக்கும். சென்சார் சூடாகி வேலை செஞ்சா அந்த வோல்டேஜை மேலயும் கீழயும் இழுக்கும். சென்சார் வயர் அந்துட்டா இழுக்க ஆளில்லாம 0.45-லயே நிக்கும். கெட்டுப்போன சென்சாரு குழியில விழுந்தாச் சரியாகாது. உங்க வண்டியில சிக்னல் வயர் எங்கயோ விட்டு விட்டுத் தொடுது. பி0134 இதனாலதான் வருது.

சென்சாருக்கு நாலு வயர் இருக்கும். ஒரே நிறத்துல ரெண்டு இருந்தா அது உள்ள இருக்கற ஹீட்டருக்கு. பொதுவா வெள்ளை. கறுப்பு சிக்னல், சாம்பல் நிறம் அதோட எர்த். தொறப்பை ஆன் பண்ணி, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாம, சென்சார் கப்ளரைக் கழட்டுங்க. வண்டிப் பக்கத்துக் கப்ளர்ல சிக்னல் பின்னுக்கும் எர்த்துக்கும் மீட்டர் வச்சு 0.45 வருதான்னு பாருங்க. மீட்டர் மாட்டினபடியே வயர் கூட்டத்தை இன்ஜின்ல இருந்து டேஷ்போர்டு வரைக்கும் சாண் சாணா ஆட்டிக்கிட்டே போங்க. எந்த இடத்துல ஆட்டும்போது எண் குதிக்குதோ, அங்கதான் கோளாறு.

பட்டறைக்காரர் | புதன், இரவு 9.45

அம்மிணி வயரைப் பார்த்துட்டாங்க. நான் டிரிம்மைச் சொல்றேன். ஐட்லிங்ல 22, ரேஸ் பண்ணினா 8. இது வேக்கம் லீக்கோட (காத்து உள்ள போற வழியில ஓட்டை) கையெழுத்து. ஐட்லிங்ல இன்ஜின் குடிக்கற காத்தே கொஞ்சம். அதுல ஒரு சின்ன ஓட்டை வழியா வர்ற காத்தும் பெரிய பங்கு. ரேஸ் பண்ணினா மொத்தக் காத்து பல மடங்காகும், ஓட்டை அதேதான், அதனால பங்கு சிறுத்துரும். தலைகீழா, ஐட்லிங்ல சரியா இருந்து மேடு ஏறும்போது டிரிம் ஏறுச்சுன்னா பெட்ரோல் பம்பு, ஃபில்டர் பக்கம் போகச் சொல்லுவேன். உங்களுக்கு அது இல்லை.

ஞாயித்துக்கிழமை வெடியால வீட்டு வாசல்லயே பாருங்க. இன்ஜின் ஐட்லிங்ல ஓடட்டும். கார்ப்பரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயில மெல்லிய குழாய் மாட்டி, இன்டேக் மேனிஃபோல்டு இணைப்பு, த்ராட்டில் பாடி கேஸ்கட், வேக்கம் ஹோஸ், பிரேக் பூஸ்டர் குழாய்ன்னு ஒவ்வொண்ணா ஒரு சொட்டு அடிங்க. ஓட்டை இருக்கற இடத்துல இன்ஜின் சத்தம் மாறும், டிரிம் சட்டுன்னு எறங்கும். சூடான சைலன்சர் மேல படக் கூடாது. தீ புடிக்கற சாமான், பக்கத்துல தண்ணியில நனைச்ச சாக்கும் ஆளும் இருக்கணும். தனியா செய்யாதீங்க.

அவிநாசி ரோடு | வியாழன், காலை 11.30

இவ்வளவு சிரமம் எதுக்கு? சென்சார் மாதிரியே சிக்னல் குடுக்கற சின்ன பெட்டி ஒண்ணு விக்குது. மாட்டிட்டா லைட்டே வராது.

பட்டறைக்காரர் | வியாழன், மதியம் 2.00

வேண்டாமுங்க. இது முன்னாடி இருக்கற சென்சார். அது சொல்றதை வச்சுத்தான் இசிஎம் பெட்ரோலை அளக்குது. பொய் சிக்னல் குடுத்தா இசிஎம் கண்ணைக் கட்டிக்கிட்டுப் பெட்ரோல் ஊத்தும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உருகி அடைச்சுக்கும். அது மாத்தற காசுல இந்தத் தம்பி நாலு ஒரிஜினல் சென்சார் வாங்கலாம். அம்மாவை ஏத்திட்டுப் போற வண்டி, ஏமாத்து வேலை வேண்டாம்.

சூலூர் பயணி | ஞாயிறு, மதியம் 12.40

அண்ணா, அக்கா, ரெண்டுமே கிடைச்சிருச்சு! கை நடுங்கிட்டே எழுதறேன்.

காலையில ஆறரைக்கு ஆரம்பிச்சேன். மேல இருந்து எல்லா ஹோஸுக்கும் அடிச்சேன், ஒண்ணுமில்லை. இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில கை போகாத இடத்துல குழாயை நீட்டி அடிச்சதும் ஐட்லிங் சட்டுன்னு எறங்கி, ஒரு இருமல் இருமிட்டு ஏறுச்சு. கண்ணாடியை அடியில புடிச்சு டார்ச் அடிச்சுப் பார்த்தேன். சிலிண்டருக்குக் காத்து போற குழாய் (ரன்னர்) நாலுலயும் ஹெட்டுக்கு மூணு விரக்கடை முன்னாடி வரிசையா நாலு உருண்டை, சாம்பல் நிறத்துல. எபாக்சி பசை வச்சு எதையோ அடைச்சிருக்காங்க. மூணாவது உருண்டையில மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு. நாலாவதை நகத்தால நெம்பினேன், கழண்டு கையோட வந்துருச்சு. உள்ள மரை போட்ட ஓட்டை. இன்ஜின் 'உஸ்ஸ்'னு காத்தை உறிஞ்சுச்சு.

யாரு எதுக்கு அலுமினிய மேனிஃபோல்டுல நாலு ஓட்டை போட்டாங்க? புரியலைங்க.

பட்டறைக்காரர் | ஞாயிறு, மதியம் 12.55

தம்பி, உங்களுக்கு முன்னாடி வச்சிருந்தவரு கேஸ் கிட் மாட்டி ஓட்டியிருக்காரு! சீக்வென்ஷியல் எல்பிஜி கிட்ல ஒவ்வொரு ரன்னருக்கும் ஒரு நாசில், அதுக்குத்தான் நாலு ஓட்டை. விக்கறதுக்கு முந்தி கிட்டைக் கழட்டி, ஓட்டையைப் பசை வச்சு அடைச்சிருக்காங்க. சூட்டுலயும் அதிர்ச்சியிலயும் பசை எத்தனை வருசத்துக்குத் தாங்கும்?

இப்ப வயரைப் பாருங்க. கேஸ் கிட்டுக்காரங்க சில பேரு ஓ2 சென்சார் சிக்னல் வயரை வெட்டி, நடுவுல எமுலேட்டரை (சென்சார் மாதிரி பொய் சிக்னல் குடுக்கற பெட்டி) சேர்ப்பாங்க. கேஸ்ல ஓடும்போது பெட்ரோல் இசிஎம் குழம்பக் கூடாதுன்னு. கிட்டைக் கழட்டும்போது அந்த வயரை எப்படிச் சேர்த்தாங்கன்னு தேடுங்க. பேட்டரிக்குப் பின்னாடி, ஃபயர்வால் ஓட்டை பக்கத்துல பாருங்க.

சூலூர் பயணி | ஞாயிறு, மாலை 5.30

பேட்டரி ட்ரேயைக் கழட்டினேன். அடியில கறுப்பு டேப் சுத்தின ஒரு முடிச்சு, வெல்லப்பாகு மாதிரி பிசுபிசுன்னு இருந்துச்சு. பிரிச்சா, சும்மா முறுக்கி விட்ட ரெண்டு வயர். செம்பு பச்சைப் பாசி பூத்த மாதிரி ஆகி, பாதி இழை அந்து நிக்குது. அக்கா சொன்ன மாதிரி மீட்டர் மாட்டி அதை ஆட்டினேன். 0.45, பூஜ்யம், 0.45, பூஜ்யம்.

முன்னாடி வச்சிருந்தவர் கரூர்க்காரர். போன் பண்ணினேன். "ஆமா தம்பி, நாலு வருசம் கேஸ்ல ஓட்டினேன், ஆர்.சி.யில ஏத்தாம வச்சிருந்ததால விக்கும்போது கழட்டிட்டேன்"னாரு. மறைக்கணும்னு இல்லை, சொல்லத் தோணலைன்னாரு. நானும் கேக்கலை.

கோபி அம்மிணி | ஞாயிறு, மாலை 6.10

மனசு நெறஞ்சு போச்சு தம்பி. சேர்க்கும்போது இதைக் கவனிங்க. பச்சை பூத்த வயரை நல்ல செம்பு தெரியற வரைக்கும் வெட்டி எடுத்துட்டு, புது வயர்த் துண்டு போட்டு கிரிம்ப் பண்ணி, உள்ள பசை இருக்கற ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்க. வண்டிப் பக்கத்து வயர்ல ஈயம் வைக்கறதுன்னாலும் பரவாயில்லை. சென்சாரோட கூடவே வர்ற வயர்ல மட்டும் ஈயம் வைக்கவே கூடாது.

காரணம் இருக்கு. சென்சார் உள்ள இருக்கற சிர்கோனியா விரல் ஒரு பக்கம் புகையையும் இன்னொரு பக்கம் வெளிக்காத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வோல்டேஜ் குடுக்குது. 1920-ல் வேதியியல் நோபல் வாங்கின நெர்ன்ஸ்ட் எழுதின சமன்பாடுதான் அதுக்கு அடிப்படை. காலேஜ்ல படிச்சப்ப பரீட்சைக்குன்னு மனப்பாடம் பண்ணினது, இன்னைக்கு சைலன்சர் மேல வேலை செய்யுதுன்னு நெனச்சா எனக்கு இன்னும் புல்லரிக்கும். இந்த வகைச் சென்சார் பலதுல அந்த வெளிக்காத்து வயருக்குள்ள இழை நடுவுல இருக்கற சந்து வழியாத்தான் போகுது. ஈயம் வச்சா மூச்சு அடைச்சுரும். கப்ளருக்குள்ள கிரீஸ் அப்பறதும் அதே காரணத்துக்காகக் கூடாது.

பட்டறைக்காரர் | ஞாயிறு, மாலை 6.30

ஓட்டைக்கு மறுபடி பசை வேண்டாம். மேனிஃபோல்டைக் கழட்டிக் கோயமுத்தூர் கணபதிப் பக்கம் எந்த லேத் பட்டறைக்காச்சும் கொண்டு போங்க. மரை பெரும்பாலும் எம்6 இருக்கும். பித்தளையில தோள் வச்ச நாலு பிளக் கடைஞ்சு தரச் சொல்லி, அடியில செம்பு வாஷர் போட்டு முறுக்குங்க. பம்பு மோட்டாருக்கு உசுரு குடுக்கற ஊரு, நாலு பித்தளை பிளக் அரை மணி நேர வேலை.

மேனிஃபோல்டு மாட்டும்போது புது கேஸ்கட் போடுங்க. கண்ட சிலிக்கான் பேஸ்ட்டும் அப்ப விடாதீங்க. அதுல இருந்து வர்ற ஆவி எரிஞ்சு சென்சார் மேல வெள்ளையாப் படிஞ்சு அதைக் கொன்னுரும். சென்சாருக்குக் கெடுதல் இல்லைன்னு டியூப்லயே எழுதியிருக்கறது தனியா விக்குது, அதை மட்டும் வாங்குங்க.

சூலூர் பயணி | அடுத்த சனி, இரவு 9.00

எல்லாம் முடிச்சேன். லேத்துக்காரர் 400 ரூபாய் வாங்கினாரு, பிளக்கைத் தங்கம் மாதிரி பாலீஷ் போட்டுக் குடுத்தாரு. ஐட்லிங் 800-ல அசையாம நிக்குது. 0.45-ல படுக்கறது நின்னு போச்சு. டிரிம் ஐட்லிங்ல பிளஸ் 9, 2,500-ல பிளஸ் 6.

ரெண்டு கோளாறும் கேஸ் கிட் கழட்டினவங்க விட்டுட்டுப் போனது. எல்லாருக்கும் கோடி நன்றி.

மஞ்சள் மண்டி | அடுத்த சனி, இரவு 9.25

அருமைங்க. நானும் எத்தனாலையே திட்டிட்டு இருந்தேன். பட்டறை அண்ணன் கணக்குப் போட்டுக் காட்டினது நல்லதாப் போச்சு.

கோபி அம்மிணி | அடுத்த சனி, இரவு 9.40

சந்தோசம் தம்பி. மைலேஜ் என்னாச்சு?

சூலூர் பயணி | பத்து நாள் கழிச்சு, காலை 7.10

அக்கா கேட்டதை நானே தள்ளித் தள்ளிப் போட்டேன். ஒரு டேங்க் முழுக்க அடிச்சு அளந்தேன். 12.5 தான் வருது. நேத்து வெடியால பனியில ஸ்டார்ட் பண்ணி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம், செக் லைட் மறுபடி வந்துருச்சு. இந்தத் தடவை பி0171 மட்டும். அம்மா "இன்னொருக்கா பஸ்ல போயிக்கலாம் கண்ணு"ன்னு சொல்லிருச்சு. எனக்குத்தான் தாங்கலை.

டிரிம் பார்த்தேன். வெடியால இன்ஜின் ஆறிக் கெடக்கறப்ப ஸ்டார்ட் பண்ணி ரெண்டு நிமிசத்துல ஷார்ட் டெர்ம் (அப்பப்ப மாறற டிரிம்) பிளஸ் 17 வரைக்கும் போகுது. பத்து நிமிசம் ஓட்டி சூடானா 5-க்கு எறங்கிருது.

பட்டறைக்காரர் | அதே நாள், காலை 8.00

தம்பி, மனசு விட்டுறாதீங்க. அம்மிணி முதல் நாளே கேட்ட கேள்விக்குப் பதில் இப்பத்தான் வருது.

ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி என்ன நிறம்னு சொல்லுங்க. நாளைக்கு வெடியால ஆறின இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, பானெட்டைத் தொறந்து எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கம் காதைக் குடுத்துக் கேளுங்க. இன்னொருத்தரை சைலன்சர் வாயில கெட்டியான ஈரத்துணியை ரெண்டு மூணு செகண்டு மட்டும் அமுத்திப் புடிக்கச் சொல்லுங்க. கையுறை போட்டுக்கணும், தொறந்த வெளியில செய்யணும்.

சூலூர் பயணி | மறுநாள், காலை 7.20

பிளக் நாலும் கரி புடிச்ச மாதிரி கறுப்பு. நாலாவது சிலிண்டர் பக்கம் "டிக், டிக், டிக்"னு கெவுளி கத்தற மாதிரி சத்தம். துணியை அமுத்தினதும் அதே இடத்துல 'புஸ்'னுச்சு. எட்டு நிமிசத்துல இன்ஜின் சூடாச்சு, சத்தம் காணாமப் போயிருச்சு. டார்ச் அடிச்சுப் பார்த்தா மேனிஃபோல்டு ஹெட்டோட சேர்ற இடத்துல நட்டும் இல்லை, அதை மாட்டற ஸ்டட் (மரை போட்ட கம்பி) பாதியோட அந்து உள்ள நிக்குது. சுத்தியும் கறுப்புப் பொகை தடம்.

பட்டறைக்காரர் | மறுநாள், காலை 7.50

அதுதான். எக்ஸாஸ்ட்ல லீக் இருந்தா பொகை வெளிய மட்டுந்தான் போகும்னு நெனைப்போம். ஒவ்வொரு சிலிண்டரும் பொகையைத் தள்ளினதுக்கு அப்பறம் ஒரு நொடித் துளி உள்ள அழுத்தம் கொறையும். அந்த நேரத்துல சந்து வழியா வெளிக்காத்து உள்ள ஏறும். அந்தக் காத்து சென்சார் மேல பட்டா, "ஆக்சிஜன் எச்சா இருக்கு, லீன்"னு சொல்லும். இசிஎம் நம்பி, சரியா இருந்த கலவைக்கு மேல பெட்ரோலை ஊத்தும். முன்ன சொன்ன வேக்கம் லீக்ல வந்த காத்து சிலிண்டருக்குள்ள போயி எரிஞ்சது, அதனால கூட்டின பெட்ரோல் வீணாகலை. இதுல வர்ற காத்து எரிய வேண்டிய இடத்துக்கே போகலை. கூட்டினதெல்லாம் வீண். பிளக் கரி, மைலேஜ் காலி. ஸ்கேனர்ல ரெண்டும் ஒரே பி0171 தான். பிளக்கைப் பார்த்தாத்தான் வித்தியாசம் தெரியும்.

இரும்பு சூடாகி விரிஞ்சதும் சந்து அடைஞ்சுக்குது. அதனாலதான் உங்களுக்கு வெடியால மட்டும் லைட். பட்டறைக்கு மதியம் சூடா ஓட்டிட்டுப் போனா யாருக்கும் கேக்காது. நான்கூட நீங்க முதல் நாள் மைலேஜ் சொன்னப்பவே பிளக்கைக் கழட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கணும். அது என் தப்பு.

அந்த ஸ்டட்டை நீங்க எடுக்காதீங்க. ஹெட் அலுமினியம், ஸ்டட் இரும்பு, டிரில் கொஞ்சம் சறுக்கினா ஹெட்டே போயிரும். நட்டை மேல வச்சு வெல்டு புடிச்சுத் திருப்பி எடுக்கற ஆளு கிட்டக் குடுங்க. கூடவே மேனிஃபோல்டு முகத்தை லேத்துல ஒருக்கா மட்டம் பார்த்துருங்க. வளைஞ்சிருந்தா புது ஸ்டட்டும் அந்து போயிரும்.

சூலூர் பயணி | மூணு வாரம் கழிச்சு, ஞாயிறு இரவு 8.30

ஸ்டட் எடுத்து, மேனிஃபோல்டு முகத்தை மட்டம் பண்ணி, புது கேஸ்கட் போட்டு மூணு வாரம் ஆச்சு. மேனிஃபோல்டு சித்த வளைஞ்சுதான் இருந்துச்சு. எல்லாம் சேர்த்து 2,900 ரூபாய்.

டிரிம்: ஆறின இன்ஜின்ல பிளஸ் 6, சூடானா பிளஸ் 5, 2,500-ல பிளஸ் 5. எத்தனால் பங்குன்னு அண்ணன் சொன்ன அளவுதான். மைலேஜ் 15.2. நேத்து அம்மாவையும் கூட்டிக்கிட்டுச் சத்தியமங்கலம் வழியாத் திம்பம் மலை ஏறினோம். 27 கொண்டை ஊசி வளைவும் ரெண்டாவது கியர்லயே இழுத்துச்சு. மேல போயி நிறுத்தினதும் அம்மா முதல்ல கேட்டது, "அந்த மஞ்ச வெளக்கு எரியுதா கண்ணு?" எரியலைங்க.

அண்ணா, பழைய சென்சார் ரெண்டையும் வச்சிருக்கேன். என்ன பண்ணட்டும்?

பட்டறைக்காரர் | ஞாயிறு, இரவு 9.10

வண்டியோட வந்த முதல் சென்சாரைச் சோதிச்சுப் பாருங்க. வைஸ்ல புடிச்சு, கறுப்பு வயர்ல மீட்டர் பாசிட்டிவ், சாம்பல் வயர்ல நெகட்டிவ். கேஸ் டார்ச் தீயில நுனியைக் காட்டுங்க. சூடு 350 டிகிரி பக்கம் போனதும் தீக்குள்ள இருக்கறப்ப 0.8, 0.9 வரணும். தீயை எடுத்த ஒரு செகண்டுக்குள்ள 0.1-க்கு விழணும். பொறவு ரெண்டு வெள்ளை வயருக்கு நடுவுல ஓம் பாருங்க. ஆறின சென்சார்ல சில ஓம்ல இருந்து பதினஞ்சு ஓம் வரைக்கும் இருந்தா ஹீட்டர் நல்லா இருக்கு.

சூலூர் பயணி | திங்கள், மாலை 6.40

0.87 வந்துச்சுங்க. தீயை எடுத்ததும் கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள 0.06. ஹீட்டர் 6 ஓம். துணியில சுத்தி டேஷ்போர்டு பெட்டியில வச்சிருக்கேன்.

அமராவதிக்கரை | செவ்வாய், காலை 9.15

தாராபுரத்துல இருந்து. இழை முழுக்கப் படிச்சேனுங்க. என்னோடது 2011 வண்டி, பி0133 (சென்சார் மெதுவா வேலை செய்யுதுங்கற கோடு) வருது, சென்சார் மாத்தச் சொல்லி பட்டறையில எழுதிக் குடுத்துட்டாங்க. நான் முதல்ல என்ன பார்க்கணும்?

பட்டறைக்காரர் | செவ்வாய், காலை 9.40

வெடியால ஆறின இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, பானெட்டைத் தொறந்து ரெண்டு நிமிசம் காது குடுத்துக் கேளுங்க. அப்பறம் பிளக் நிறமும், ரெண்டு இடத்து டிரிம்மும் எழுதுங்க. முன்னாடி வச்சிருந்தவரோட போன் நம்பர் இருக்குதுங்களா?